கங்கைச் செம்பும் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸும்



பி.காம். படிக்கிறவனுக்கு பாக்டீரியாவோடு என்ன வேலை என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான். பிளஸ் டூவில் உயிரியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் நான். ஆனால் சில சமயம் பாடம் நம்மைத் தேடி வீட்டுக்கே வந்துவிடுகிறது. எனக்கு அது ஒரு செம்பு வடிவில் வந்தது.

எங்கள் பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். புதுச் செருப்பு கடித்து இடது கால் விரலில் ஒரு சின்னப் புண். "தானா ஆறிடும்டா" என்று பத்து நாள் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது நாள் விரல் கறுத்து, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் சேர்த்தோம். புண்ணிலிருந்து சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. மேலே "சூடோமோனாஸ் ஏருஜினோசா" என்று ஒரு பெயர். கீழே வரிசையாக ஆன்டிபயாடிக் மருந்துகள். ஒவ்வொன்றின் எதிரிலும் எஸ் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்கு பாக்டீரியா சாகும். ஆர் என்றால் சாகாது. எனக்குக் கணக்குப் பேரேடு பார்த்துத்தான் பழக்கம். இந்தப் பேரேட்டில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கம். ஆர், ஆர், ஆர், ஆர்...

அன்று சாயங்காலம் பெரியம்மா பூஜையறையில் இருந்த கங்கைச் செம்பை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். காசிக்குப் போனபோது வாங்கி வந்தது. வாய் ஈயத்தால் அடைத்தது, இதுவரை திறந்ததே இல்லை. அதை உடைத்துப் புண்ணில் விட வேண்டுமாம். அண்ணன் கைபேசியில் வந்த ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினான். "1896-லேயே ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி கங்கை நீர் கிருமிகளைக் கொல்லும் என்று நிரூபித்துவிட்டார், நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று முடியும் அந்த மாதிரிச் செய்தி. டாக்டர் கோபப்படவில்லை. "அம்மா, அது பூஜையறையிலேயே இருக்கட்டும். புண்ணுல மட்டும் வேண்டாம்" என்றார். பெரியம்மா அழுதுகொண்டே செம்பை மறுபடி சுற்றி வைத்துக்கொண்டார்.

பெரியப்பா பிழைத்தார். பட்டியலில் மிஞ்சியிருந்த ஒரு மருந்து கேட்டது. ஆனால் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தச் செய்தி மட்டும் மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. அது முழுப் பொய்யா, பாதி உண்மையா? தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, ஆக்ராவில் தொடங்கி பாரிஸ், அஸ்ஸாம், ஜார்ஜியா, அமெரிக்கா என்று கதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

ஆக்ராவில் ஓர் ஆங்கிலேயர்

முதலில் அந்த வெள்ளைக்காரர். பெயர் எர்னஸ்ட் ஹான்பரி ஹேன்கின். கற்பனை ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்த நுண்ணுயிரியல் அறிஞர். 1890-களில் ஆக்ராவில் அரசாங்கப் பணியில் இருந்தார். அது காலரா ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம். காலராவை உண்டாக்குவது காற்புள்ளி வடிவத்தில் இருக்கும் ஒரு பாக்டீரியா என்று ராபர்ட் காக் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்து பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

பிணங்களும் சாக்கடையும் கலக்கும் கங்கையிலும் யமுனையிலும் காலரா கிருமி கொழுத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஹேன்கின் அந்த நீரில் கிருமியை விட்டுப் பார்த்தார். சில மணி நேரத்தில் செத்துவிட்டது. கொதிக்க வைத்த அதே நீரில் விட்டால் சாகவில்லை, வளர்ந்தது. இதை 1896-ல் பிரெஞ்சு மொழியில், பாஸ்டர் நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். ஆக, அண்ணன் வாசித்த செய்தியில் வருடமும் சரி, ஆளும் சரி.

ஆனால் இரண்டு விஷயங்களை அந்தச் செய்தி சொல்லவில்லை. ஒன்று, ஹேன்கின் சோதித்தது காலரா கிருமியை. "கிருமிகளை" அல்ல. இந்த ஒருமை பன்மைக்குள்தான் மொத்தக் கதையும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். இரண்டு, அந்த நீரில் கிருமியைக் கொன்றது எது என்று அவருக்குத் தெரியாது. ஆவியாகிப் போகக்கூடிய ஏதோ ஒரு வேதிப்பொருள் என்று நினைத்தார். காற்றுப் புகாமல் மூடிய பாத்திரத்தில் சூடாக்கியபோது நீரின் சக்தி போகவில்லை என்பது அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று.

பின்னால் வந்தவர்கள் "அது வேதிப்பொருள் இல்லை, பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்" என்று சொல்லி, ஹேன்கினை அந்த வைரஸின் முதல் சாட்சி ஆக்கிவிட்டார்கள். பாடப்புத்தகங்களிலும் அப்படியே ஏறிவிட்டது. 2011-ல் சில ஆய்வாளர்கள் அவருடைய மூலக் கட்டுரையைத் திரும்பப் படித்து, "அவ்வளவு சூட்டில் வைரஸ் தாங்காதே, அப்படியானால் அவர் பார்த்தது வேறு எதுவோ" என்று வாதிட்டார்கள். மூலத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவது நம்ம ஊர் கைபேசிச் செய்திகளில் மட்டும் நடப்பதில்லை என்று எனக்கு ஒரு சின்ன ஆறுதல்!

பட்டம் இல்லாத விஞ்ஞானி

1915-ல் லண்டனில் ஃபிரடெரிக் டுவோர்ட் என்பவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். தட்டில் வளர்ந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் வகை பாக்டீரியாக் கூட்டங்கள் சில, கண்ணாடி மாதிரித் தெளிந்து கரைந்துபோயின. அந்தத் தெளிந்த பகுதியைக் கொஞ்சம் தொட்டு நல்ல கூட்டத்தின் மேல் வைத்தால் அதுவும் கரைந்தது. லான்செட் இதழில் எழுதினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து வருகிறார் நம் கதாநாயகன் ஃபெலிக்ஸ் டெரெல். முறையான பட்டம் எதுவும் இல்லாமல், தானாகவே படித்துக் கற்றுக்கொண்டவர். கவுதமாலா, மெக்சிகோ என்று சுற்றியவர். வெட்டுக்கிளிகளை பாக்டீரியாவை விட்டே கொல்லப் பார்த்தவர். போர்க்காலத்தில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபோது, சிப்பாய்களிடம் பரவிய சீதபேதியை ஆராய்ந்தார். நோயாளிகளின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த நீரை சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவின் மேல் விட்டார். பாக்டீரியா கரைந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தார். நோயாளி தேற ஆரம்பிக்கும்போதுதான் இந்தக் கண்ணுக்குத் தெரியாத "ஏதோ ஒன்று" மலத்தில் பெருகுகிறது.

இது வேதிப்பொருள் இல்லை, பாக்டீரியாவின் மேல் ஒட்டுண்ணியாக வாழும் நுண்ணுயிர் என்று 1917-ல் அறிவித்தார். பாக்டீரியாவைத் தின்பது என்ற பொருளில் "பாக்டீரியோஃபேஜ்" என்று பெயர் வைத்தார். நாம் சுருக்கமாக ஃபேஜ் என்போம். 1919-ல் பாரிஸில் குழந்தைகள் மருத்துவமனையில் சீதபேதியால் அவதிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் டெரெலும் அங்கிருந்த மருத்துவர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் தேறினார்கள். 1925-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிளேக் வந்த நான்கு பேருக்கு நெறிக்கட்டியிலேயே ஊசி போட்டார். நான்கு பேரும் பிழைத்தார்கள். ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. அப்போது இது எப்படித் தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பூட்டும் சாவியும்

ஃபேஜ் எப்படி வேலை செய்கிறது? என்னைப் போன்ற காமர்ஸ் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

நன்றாக ஆராயப்பட்ட ஃபேஜ் ஒன்றை எடுத்துக்கொண்டால், தலை, வால், வாலின் நுனியில் சிலந்திக் கால் மாதிரி இழைகள். அந்த இழைகள் பாக்டீரியாவின் தோலில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டுப் பிடிக்கும். பிடி கிடைத்தால் தன் மரபணுவை உள்ளே செலுத்தும். பிறகு பாக்டீரியாவின் பட்டறையிலேயே தன் பிரதிகள் தயாராகும். அரை மணி நேரத்தில் நூறுக்கும் மேற்பட்ட குட்டி ஃபேஜ்கள் பாக்டீரியாவை வெடித்துக்கொண்டு வெளியே வரும். அவை அடுத்த பாக்டீரியாவைத் தேடிப் போகும். நாம் விழுங்கும் மாத்திரை நேரம் ஆக ஆகக் குறையும். இதுவோ கூட்டு வட்டி மாதிரி ஏறும். முதல் தீரும்போது, அதாவது பாக்டீரியா தீரும்போது, வட்டியும் நின்றுவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான்.

ஆனால் ஒரு கட்டாயம் உண்டு. தொட்டுப் பிடிக்கும் அந்த இடம் பாக்டீரியாவுக்கு பாக்டீரியா மாறும். ஆளுக்கொரு பூட்டு. அதனால் ஃபேஜுக்கும் ஆளுக்கொரு சாவி. காலரா ஃபேஜ் ஷிகெல்லாவைத் தொடாது. ஷிகெல்லா ஃபேஜ் ஸ்டெஃபிலோகாக்கஸைத் தொடாது. ஒரே இனத்துக்குள் கூட உங்கள் புண்ணில் இருக்கும் வகையைக் கொல்லும் ஃபேஜ் என் புண்ணில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். நல்லது என்னவென்றால், ஆன்டிபயாடிக் மாதிரி குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகாது. கெட்டது என்னவென்றால், எந்த பாக்டீரியா என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் கொடுக்க முடியாது.

பாக்டீரியாவின் சுவரும் ஒரே மாதிரி இல்லை. 1884-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஒரு சாயம் போடும் முறையைக் கண்டுபிடித்தார். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவை ஊதா நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை கிராம் பாசிட்டிவ், தடித்த சுவர். காலரா, ஷிகெல்லா, ஈ.கோலை, பெரியப்பாவின் காலில் இருந்த சூடோமோனாஸ் எல்லாம் ஊதாவை விட்டுவிடுகின்றன. அவை கிராம் நெகட்டிவ். சுவர் மெல்லியதுதான், ஆனால் அதற்கு வெளியே இன்னொரு சவ்வு, வீட்டுக்கு மேல் காம்பவுண்டுச் சுவர் மாதிரி. பல மருந்துகள் அந்தக் காம்பவுண்டிலேயே நின்றுவிடும். காசநோய்க் குடும்பத்து பாக்டீரியாக்களுக்கோ மெழுகு பூசிய சுவர்.

இதனால் சிகிச்சையும் மாறுகிறது. ஃபேஜ் வெளியே வரும்போது சுவரை உடைக்கப் பயன்படுத்தும் நொதியை மட்டும் தனியாகப் பிரித்து மருந்தாக்கப் பார்க்கிறார்கள். அது கிராம் பாசிட்டிவ் வகைகளின் சுவரை வெளியிலிருந்தே சுலபமாக உடைக்கிறது. கிராம் நெகட்டிவ் என்றால் வெளிச்சவ்வு குறுக்கே நிற்கிறது. டைபாய்டு, காசநோய் பாக்டீரியாக்கள் நம் உடலின் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்பவை. அங்கே ஃபேஜ் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

இன்னொரு திடுக்கிடும் விஷயம். எல்லா ஃபேஜும் கொலைகாரர் இல்லை. சில உள்ளே போய்க் குடியேறி, பாக்டீரியாவுக்குப் புது ஆயுதம் கொடுத்துவிடும். காலராவில் நீராகப் போவதற்குக் காரணமான நச்சு இருக்கிறதே, அதன் மரபணுவைக் காலரா கிருமிக்குக் கொண்டுவந்து கொடுத்ததே ஒரு ஃபேஜ்தான் என்று 1996-ல் தெரியவந்தது. காலராவைக் கொல்வதும் ஃபேஜ், காலராவைக் கொடியதாக்கியதும் ஃபேஜ்! அதனால் சிகிச்சைக்கு எடுக்கும்போது எந்த ஃபேஜ் என்று பார்த்துப் பொறுக்க வேண்டும்.

அஸ்ஸாமில் நடந்த பரிசோதனை

டெரெல் இந்தியாவுக்கும் வந்தார். 1920-களின் பிற்பாதியில் காலரா ஃபேஜை இங்கே சோதித்தார். அவர் போன பிறகு வேலை தொடர்ந்தது. பாட்னாவில் இகோர் அஷேஷோவ், ஷில்லாங் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிசன் என்ற ராணுவ மருத்துவர்.

மோரிசன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அஸ்ஸாம் மாகாணத்தில் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார். நவ்காங் பகுதியில் ஊர் ஊராக ஃபேஜ் குப்பிகள் கொடுக்கப்பட்டன. ஹபிகஞ்ச் பகுதியில் (இப்போது வங்கதேசம்) கொடுக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 1930-களின் முதல் பாதி முழுவதும் கணக்கெடுத்தார்கள். நவ்காங்கில் காலரா சாவு தெளிவாகக் குறைந்தது.

அப்படியானால் வெற்றிதானே? அவசரப்படக் கூடாது. காலரா ஒரு வருடம் ஓர் ஊரை அடிக்கும், அடுத்த வருடம் விட்டுவிடும். குறைந்தது ஃபேஜாலா, அந்த வருடத்து மழையாலா, குடிநீராலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் யோசித்துப் பாருங்கள். ஹபிகஞ்சில் காலராவில் செத்துக்கொண்டிருந்தவர்களிடம் "உங்களுக்கு இல்லை, நீங்கள் ஒப்பீட்டுக்கு" என்று யார் போய்ச் சொல்வது? 1925-ல் வெளிவந்த சின்கிளேர் லூயிஸின் "ஏரோஸ்மித்" நாவலில் கதாநாயகன் சிக்கிக்கொள்வதும் இதே இடத்தில்தான். அங்கே ஒரு தீவில் பிளேக், கையில் ஃபேஜ், பாதிப் பேருக்கு மட்டும் கொடு என்ற கட்டளை. ஆராய்ச்சிக்கு அவசியமான ஒன்று, கண்ணெதிரே பார்க்கிறவனுக்குக் கொடுமையாக இருக்கிறது. இதற்குச் சுலபமான விடை இல்லை.

சந்தைக்கு வந்த கதை

இங்கேதான் என் பாடம் வருகிறது. 1930-களில் ஃபேஜ் வியாபாரமானது. பாரிஸில் டெரெலின் ஆய்வுக்கூடம் வயிற்றுக்கு ஒன்று, சீழ்ப்புண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று தனித்தனிக் கலவை விற்றது. அமெரிக்காவில் எலை லில்லி போன்ற பெரிய நிறுவனங்களும் இறங்கின. சரக்கு ஓடியது, தரம் ஓடவில்லை. எந்த பாக்டீரியாவுக்கு எந்த ஃபேஜ் என்று பொருத்திப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே குப்பி. கெடாமல் இருக்க ஃபீனால் போன்ற மருந்துகளைச் சேர்த்தார்கள். அது குப்பிக்குள் இருந்த ஃபேஜையே கொன்றது. அதாவது பல பேர் காசு கொடுத்து வாங்கியது செத்த ஃபேஜ்.

1934-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஈட்டன், பெய்ன்-ஜோன்ஸ் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி எழுதினார்கள். பெரும்பாலான நோய்களில் ஆதாரம் போதாது, முரணாக இருக்கிறது என்பது தீர்ப்பு. ஃபேஜ் உயிருள்ளதா, வெறும் நொதியா என்பதே அப்போது தகராறு. அதைக் கண்ணால் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. முதல் படங்கள் வெளிவந்தது 1940-ல்.

அதற்குள் பென்சிலின் வந்துவிட்டது. எந்த பாக்டீரியா என்று சரியாகத் தெரியாவிட்டாலும் கொடுக்கலாம், தொழிற்சாலையில் ஒரே தரத்தில் செய்யலாம், அலமாரியில் வைக்கலாம். வியாபாரியின் கண்ணில் பார்த்தால் போட்டியே இல்லை. மேற்கு நாடுகள் ஃபேஜை மறந்தன.

திபிலிசியின் பிடிவாதம்

மறக்காத ஊர் ஒன்று இருந்தது. சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி. அங்கே கியார்கி எலியாவா என்ற நுண்ணுயிரியலாளர், பாரிஸில் டெரெலோடு நட்பானவர். 1923-ல் திபிலிசியில் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ஃபேஜுக்குத் தலைநகர் ஆனது. 1930-களில் டெரெல் அங்கே போய்த் தங்கி வேலை செய்தார். தான் எழுதிய நூலை ஸ்டாலினுக்குச் சமர்ப்பணம் செய்யும் அளவுக்கு நம்பிக்கை. நிறுவன வளாகத்திலேயே வீடு கட்டிக்கொண்டு இருவரும் குடியிருப்பதாகத் திட்டம்.

1937-ல் எலியாவாவைக் கைது செய்து சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. டெரெல் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. 1949-ல் பாரிஸில், ஏறக்குறைய எல்லோராலும் மறக்கப்பட்டு இறந்தார்.

ஆனால் நிறுவனம் நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் செஞ்சேனைக்கு ஃபேஜ் அனுப்பியது. 1963-64-ல் திபிலிசியில் 30,769 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய சோதனை. தெருவின் ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு ஷிகெல்லா ஃபேஜ், எதிர்ப்பக்கத்துக் குழந்தைகளுக்கு இல்லை. ஃபேஜ் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு 1.76 பேருக்குச் சீதபேதி. பெறாதவர்களில் ஆயிரத்துக்கு 6.7 பேர். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. இன்றைய கறார் விதிகளின்படி பார்த்தால் இதிலும் குறைகள் சொல்லலாம்தான். ஆனால் மேற்கு நாடுகள் குறை சொல்லும் அளவுக்குக்கூடப் படிக்கவில்லை. எழுதப்பட்டது ரஷ்ய மொழியில், நடந்துகொண்டிருந்தது பனிப்போர். நல்ல ஆய்வோ கெட்ட ஆய்வோ, இரும்புத் திரை இரண்டையும் ஒன்றாகத்தான் மறைத்தது.

ஆர், ஆர், ஆர்...

பென்சிலினுக்காக நோபல் பரிசு வாங்கிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-லேயே எச்சரித்தார். மருந்தைக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்டால், சாகாமல் தப்பும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்று. நாம் என்ன செய்தோம்? காய்ச்சல் என்றால் நேராக மருந்துக் கடை, "அண்ணே, அந்தச் சிவப்பு மாத்திரை நாலு குடுங்க", இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மீதியைப் பிரிட்ஜ் மேல் போட்டுவிடுவோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சத்தியமாகச் சொல்கிறேன். 2012-ல் சென்னையில் மருத்துவர்கள் கூடி இதற்கு ஒரு திட்டம் வகுத்தார்கள், சென்னைப் பிரகடனம் என்று பெயர். 2014-லிருந்து சில முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்கும்போது கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மத்திய அரசின் விதியும் வந்தது. விதி வந்தது, பழக்கம் போகவில்லை.

2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று 2022-ல் லான்செட்டில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரியப்பாவின் தாளில் இருந்த ஆர்கள் அந்தக் கணக்கின் ஒரு சின்னப் பக்கம்.

அப்போதுதான் உலகம் மறுபடி ஃபேஜைத் தேடியது. 2015 இறுதியில் எகிப்துக்குச் சுற்றுலா போன சான் டியேகோ பேராசிரியர் டாம் பேட்டர்சனுக்கு அசினெட்டோபாக்டர் பௌமானி என்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியா தொற்றியது. எந்த மருந்தும் கேட்கவில்லை, கோமா வரை போய்விட்டார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டீ தொற்றுநோய் ஆய்வாளர். பழைய ஆய்வுகளைத் தோண்டி ஃபேஜைப் பற்றிப் படித்து, ஒவ்வொரு ஆய்வுக்கூடமாகக் கடிதம் எழுதினார். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடமும் அவர் உடலில் இருந்த அதே வகை பாக்டீரியாவுக்குப் பொருந்தும் ஃபேஜ்களைத் தேடிக் கொடுத்தன. 2016 மார்ச்சில், அவசர அனுமதியோடு செலுத்தினார்கள். சில நாளில் கண் விழித்தார். ஆகஸ்டில் வீடு திரும்பினார்.

இதில் ஒரு நுணுக்கம். சிகிச்சை நடக்கும்போதே பாக்டீரியா முதலில் கொடுத்த ஃபேஜ்களுக்கும் பழகிவிட்டது. ஆனால் அதற்காகத் தன் மேலுறையைக் கழற்றிப் போட வேண்டியிருந்தது. உறை போனதும் பலவீனமானது. புதிய ஃபேஜும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து அடித்தன. ஆக ஃபேஜ் என்பது ஆன்டிபயாடிக்குக்குப் பதில் அல்ல, பல நேரங்களில் பங்காளி.

2019-ல் வெளியான இன்னொரு சம்பவம் மாணவர்களான நமக்குப் பிடிக்கும். லண்டனில் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட 15 வயதுப் பெண்ணுக்கு காசநோய்க் குடும்பத்தைச் சேர்ந்த, மெழுகுச் சுவர் பாக்டீரியா ஒன்று தொற்றியது. பிட்ஸ்பர்க் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லிடம் ஃபேஜ்களின் பெரிய சேகரிப்பு இருந்தது. அதில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள் மண்ணிலிருந்தும் குப்பையிலிருந்தும் பிரித்தெடுத்தது. மூன்று ஃபேஜ்களை எடுத்து, இரண்டை மரபணு மாற்றித் திருத்தி அனுப்பினார். அந்த மூன்றில் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்திரிக்காயிலிருந்து எடுத்தது! நோய் முழுவதும் ஒழியவில்லை, ஆனால் அந்தப் பெண் எழுந்து வீடு திரும்பும் அளவுக்குத் தேறினார்.

தோற்ற கதைகளும் உண்டு

இதோடு முடித்தால் நானும் அந்தக் கைபேசிச் செய்தி எழுதியவனும் ஒன்றாகிவிடுவோம். வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு வந்த 120 குழந்தைகளுக்கு ஈ.கோலை ஃபேஜ் கொடுத்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. கெடுதல் இல்லை, பயனும் இல்லை. பல குழந்தைகளுக்கு நோயின் காரணமே ஈ.கோலையாக இல்லை. பூட்டு வேறு, சாவி வேறு.

பிரான்ஸ், பெல்ஜியத்தில் தீப்புண் நோயாளிகளிடம், பெரியப்பாவுக்கு வந்த அதே சூடோமோனாஸுக்கு எதிராக ஒரு சோதனை நடந்தது. ஃபேஜைவிட வழக்கமான வெள்ளிக் களிம்புதான் வேகமாக வேலை செய்தது. விசாரித்ததில், தயாரித்த ஃபேஜ் வீரியம் இழந்து, நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது திட்டமிட்டதைவிட மிகமிகக் குறைவு. 1930-களில் குப்பிக்குள் செத்த ஃபேஜின் அதே கதை, எண்பது வருடம் கழித்து.

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது இது. இயற்கையில் கிடைக்கும் ஃபேஜுக்குக் காப்புரிமை வாங்குவது கடினம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகத் தைத்துக் கொடுக்கும் சட்டை மாதிரி, ஆயத்த ஆடை லாபம் இதில் வராது. ஆன்டிபயாடிக்குக்கே இப்போது அந்தக் கதிதான். அமெரிக்காவில் அக்காயோஜென் என்ற நிறுவனம் 2018-ல் புதிய ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு அனுமதி வாங்கி, 2019-ல் திவால் ஆனது. நல்ல புது மருந்து என்றால் மருத்துவர்கள் கடைசி நேரத்துக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். ஆனால் விற்பனை எங்கே? எல்லோரையும் காப்பாற்றக்கூடிய ஒன்று யாருக்கும் லாபமாக இல்லை. எங்கள் பாடப்புத்தகத்தின் தேவை, அளிப்புக் கோடுகள் இந்த இடத்தில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பெல்ஜியத்தில் 2018 முதல் மருத்துவர் சீட்டின்படி மருந்தாளுநரே ஒரு நோயாளிக்கென்று ஃபேஜ் மருந்து கலந்து கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். தையற்கடை முறை. அதுதான் சரியான பாதை என்று எனக்குப் படுகிறது.

மறுபடியும் செம்பு

போன மாதம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கைத்தடியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா காபி கொடுத்துவிட்டு, "என்னடா, அந்தக் கங்கைத் தண்ணி விஷயம் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டார். மறக்கவே இல்லை அவர்.

சொன்னேன். ஹேன்கின் சொன்னது பொய்யில்லை பெரியம்மா. ஆனால் அவர் பார்த்தது காலரா கிருமியை. பெரியப்பா காலில் இருந்தது வேறு ஆள். இந்தச் செம்புக்குள் ஃபேஜ் இருக்கிறதா, இருந்தாலும் உயிரோடு இருக்கிறதா, இருந்தாலும் நம் பூட்டுக்கு அது சாவியா, எதுவும் தெரியாமல் திறந்த புண்ணில் ஆற்றுத் தண்ணீரை விட்டிருந்தால் புதுக் கிருமியைத்தான் சேர்த்திருப்போம். டாக்டர் சொன்னது சரி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் நினைச்சது முழுத் தப்பு இல்லைதானே?" என்றார்.

"இல்லை பெரியம்மா. ஆத்துத் தண்ணியில மருந்து இருக்கலாம்னு நினைச்சு பெரிய பெரிய ஆளுங்கல்லாம் நூறு வருஷமா தேடிக்கிட்டு இருக்காங்க. அவங்க எடுத்து, வடிச்சு, எண்ணிப் பாத்துட்டுக் கொடுக்கறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி. செம்பு இன்னும் பூஜையறையில்தான் இருக்கிறது, வாய் அடைத்தபடியே. பெரியப்பா புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம் பெரியம்மா முதலில் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார். இப்போதைக்கு எங்கள் குடும்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும் மிகச் சிறந்த பாக்டீரியா எதிர்ப்பு முறை அதுதான் :-)

ஆன்டிபயாடிக் கொடுத்தால் டாக்டர் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிடுங்கள். கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.